மாமனாருக்கு ஒரு துப்பாக்கி

விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்திலிருந்து தன் சொந்த மாமனாரே தன்னைப் பார்த்து விழிப்பதைக் கண்டதும் தராசு சார் கோப்பை விளக்குக்கு அருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

துப்பாக்கி உரிம அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு தெருவில் நடமாடும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கொடுப்பதா, மறுப்பதா என்று கடைசியாக எழுதுகிற நாற்காலி அவருடையது. யாருடைய சிபாரிசுக்கும் முள் அசையாது என்பதால் அலுவலகத்தில் 'தராசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெச்சி வைத்தார்களா, நொந்துபோய் வைத்தார்களா என்பது நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

"இது எப்போ வந்தது?" என்று எழுத்தரைக் கேட்டார்.

"நேத்து சார். உங்க மாமனாரே நேர்ல வந்து கொடுத்தார். நீங்க மாடியில மீட்டிங்ல இருந்தீங்க. கூப்பிடட்டுமான்னு கேட்டேன். 'வேண்டவே வேண்டாம், நான் வந்ததையே சொல்லாதீங்க'ன்னுட்டார். என்ன பெருந்தன்மை சார்!"

மாமனாருக்குக் கடைத்தெருவில் கடிகாரக் கடை. சமீபத்தில் அங்கே இரண்டு கடைகளில் பூட்டை உடைத்துவிட்டார்கள். உடனே வியாபாரிகள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு கடைக்காரரும் உரிமத்துக்கு எழுதிப் போட வேண்டும், கிடைத்தவர்கள் முறைபோட்டுத் தெருவைக் காவல் காக்க வேண்டும். இதெல்லாம் தராசு சாருக்குத் தெரிந்ததுதான். ஆனால் கடைக்குள் வந்த கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற மனிதரின் இடுப்பில் துப்பாக்கியைப் பொருத்திப் பார்க்க அவரால் முடியவில்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. அந்த வருடத்துக்கு அனுமதித்த எண்ணிக்கையில் இன்னும் ஒரே ஓர் உரிமம்தான் மிச்சம். அதற்காக வெளியே பெஞ்சில் ஒரு டாக்சிக்கார அக்கா காத்திருந்தாள். இரவில் வண்டி ஓட்டுபவள். கழுத்தில் கத்தி வைத்து ஒருமுறை வழிப்பறி செய்திருந்தார்கள், அந்தத் தழும்பு இன்னும் போகவில்லை. மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே நடையாய் நடக்கிறாள். வாசலில் வண்டியை நிறுத்துவாள், சவாரி வந்தால் போவாள், திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்காருவாள். அவளுடைய கோப்பு எழுத்தரின் அலமாரியைத் தாண்டி வரவே இல்லை. தராசு நேராக இருந்து என்ன பயன், சரக்கு தட்டுக்கு வந்து சேர்ந்தால்தானே?

அன்று மாலை வீட்டில் மனைவி ஆரம்பித்தாள்.

"அப்பா எழுதிப் போட்டிருக்காராமே?"

"உன்கிட்ட சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு? சங்கத்துக்காரங்க சொன்னாங்க. 'உங்க வீட்டுக்காரர் இருக்கும்போது உங்கப்பாவுக்கு என்ன கவலை'ன்னு. ஏங்க, அப்பா இதுவரைக்கும் நம்மகிட்ட எதாச்சும் கேட்டிருக்காரா?"

"இப்பவும் கேக்கலையே."

"கேக்காம இருக்காரு பாருங்க, அதுக்காகத்தான் செய்யணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று தராசு சாருக்குத் தெரியும். பெற்றவர்களை இழந்து, கையில் ஒரு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தபோது கடிகாரக் கடையின் மாடி அறையில் தங்க இடம் கொடுத்தவர் மாமா. கடை விளக்கை அணைக்காமல் விட்டு, "எனக்கு வேலை இருக்குப்பா, நீ படி" என்று பொய் சொன்னவர். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தன் கையாலேயே சட்டை வாங்கிக் கொடுத்தவர். கடைசியில் ஒரு நிபந்தனையும் இல்லாமல் பெண்ணையும் கொடுத்தார். இன்றைக்குத் தராசு சார் நிமிர்ந்து உட்காரும் நாற்காலியில் பாதி மாமா போட்டது. அந்த நன்றி அவருக்கு நெஞ்சு நிறைய இருந்தது. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எழுத்தரைக் கூப்பிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"இதோ பாருங்க, என் மாமனார்னு பாக்காதீங்க. எல்லாருக்கும் எப்படியோ அப்படி. சட்டப்படி, கறாரா பாருங்க."

அந்த அலுவலகத்தில் சிபாரிசுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். சட்டத்தை மீறிச் செய்யுங்கள் என்று எந்தப் பெரிய மனிதரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எழுத்தரின் முகம் மலர்ந்தது.

"புரியுது சார். கறாரா பாத்துடறேன்" என்று ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

சாயங்காலமே பார்த்துவிட்டார். 'துப்பாக்கி தேவைப்படும் காரணம்' என்ற இடத்தில் மாமா தன் அழகான கையெழுத்தில் 'எனக்கு எதிரிகள் யாரும் இல்லை. அவசியமும் இல்லை' என்று எழுதியிருந்தார். எழுத்தர் அதை அடித்துவிட்டு, 'தொழில் போட்டியால் சுற்றிலும் எதிரிகள், உயிருக்கு ஆபத்து' என்று எழுதியிருந்தார்.

"பெரியவர் வெள்ளந்தியா எழுதிட்டார் சார். நான்தான் நாலு எதிரியைச் சேர்த்தேன்."

"கடிகாரம் ரிப்பேர் பண்றவருக்கு ஏதுய்யா உயிருக்கு ஆபத்து? அவர் எழுதினதையே திருப்பி எழுதுங்க!"

தராசு சாருக்குக் கண் கலங்கியது. உரிமம் கேட்கும் இடத்தில்கூட உண்மையைத் தவிர வேறு எழுதத் தெரியாத மனிதர்! எழுத்தரும் பழையபடி திருத்தினார். ஆனால் ஓரத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டார்: 'தனக்கு எதிரி இல்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் நேர்மையாளர். இப்படிப்பட்டவர் கையில் துப்பாக்கி இருப்பது சமூகத்துக்குப் பாதுகாப்பு.'

இது சரிப்படாது என்று தராசு சார் நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்கே போனார்.

"சார், இந்த விண்ணப்பதாரர் என் மாமனார். முடிவெழுதற பொறுப்பிலேருந்து என்னை விடுவிச்சிடுங்க. வேற யாராவது பாக்கட்டும்."

பெரிய அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் பதவிக்காலத்தில் யாரும் இப்படி வந்து நின்றதில்லை. மணியை அடித்து, ஊழியர்கள் அத்தனை பேரையும் வரவழைத்தார். கண் பரிசோதிக்கும் டாக்டரும் துப்பாக்கிப் பயிற்சியாளரும்கூட வந்தார்கள்.

"பாத்துக்குங்க, இவரு மாமனார் உரிமம் கேட்டிருக்கார். கடிகாரக் கடைக்காரர். இதோ இதான் போட்டோ. எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இவ்வளவு நெருங்கின சொந்தம்! ஆனாலும் இவர் என்ன சொல்றார்? நான் பாக்க மாட்டேங்கிறார். இவர்கிட்ட கத்துக்குங்கய்யா!"

எல்லாரும் கை தட்டினார்கள். அதுவரை விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. போட்டோ கைக்குக் கை மாறியது.

"அப்போ முடிவை யார் எழுதறது சார்?" என்றார் தராசு சார்.

"நீங்கதான். இந்த ஆபீஸ்ல உங்களை விட்டா நான் யாரை நம்பறது?"

மாமாவின் கண் பரிசோதனை அந்த வாரமே நடந்தது. டாக்சிக்கார அக்காவுக்கு அதே பரிசோதனைக்குத் தேதி கிடைக்கவே ஒரு கோடைக்காலம் ஆகியிருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்க மாமனார் சரியான ஆளு சார். பலகையில இருக்கிற பெரிய எழுத்தே தெரியலைங்கிறார். முதல் வரியிலயே 'ஒண்ணும் தெரியலை டாக்டர், என்னை ஃபெயில் பண்ணிடுங்க'ங்கிறார். தலைமுடி அளவு ஸ்பிரிங்கைக் கண்ணால பாத்து மாட்டறவர்! என்கிட்டயேவா? சிரிச்சுக்கிட்டே பாஸ் போட்டுட்டேன்."

"தெரியலைன்னு சொன்னா ஃபெயில்தானே போடணும்?"

"சார், உங்க கறார் எனக்குத் தெரியாதா?" என்று டாக்டரும் கண்ணைச் சிமிட்டினார். அந்த அலுவலகத்தில் கண் சிமிட்டுவது ஒரு தொற்றுநோய்போலப் பரவிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது குறி பார்த்துச் சுடும் தேர்வு. அதையாவது ஒழுங்காக நடத்த வைப்போம் என்று தராசு சார் தானே அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குப் போய் நின்றார். இதுதான் அவர் செய்ததிலேயே பெரிய தப்பு. அவரைக் கண்டதும் பயிற்சியாளர் விறைப்பாகச் சல்யூட் அடித்து, மாமாவுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், குடையும் பிடித்தார்.

மாமா துப்பாக்கியை வாங்கினார். கடுகளவு திருகாணியை நடுங்காமல் முடுக்கும் கை வெடவெடவென்று ஆடியது. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தலையையும் திருப்பிக்கொண்டு சுட்டார். முதல் குண்டு மணல் மூட்டையில் இறங்கியது. இரண்டாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது பக்கத்து ஆளின் குறி அட்டையில் பட்டது.

பயிற்சியாளர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"நடுவுல பட்டிருக்கு சார்! அட்டைதான் வேற, ஆனா குறி பிரமாதம்! பாஸ்!"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தராசு சார் பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

"என்ன மாமா, உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை." மாமா அவர் கையை இறுகப் பற்றினார். "எல்லாரும் பாஸ் பண்ணிக்கிட்டே போறாங்க. இனிமே உங்க கையிலதான் இருக்கு. உங்க ஒருத்தரைத்தான் நம்பியிருக்கேன்."

அந்த வார்த்தை தராசு சாரின் நெஞ்சில் போய்க் குத்தியது. அதற்குமேல் மாமா நிற்கவில்லை. தள்ளாடியபடியே வாசலுக்குப் போய் அங்கே நின்ற டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கோப்பு முழுமையாக, ஒரு குறையும் இல்லாமல், மேசைக்கு வந்தது. கையெழுத்துதான் பாக்கி. தராசு சார் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒரு கையெழுத்து. அதைப் போட்டால் மாமாவின் முகம் மலரும், மனைவி மகிழ்வாள், அலுவலகமே கை தட்டும். இத்தனை வருட நன்றிக்கு இதைக்கூடச் செய்யாதவன் என்ன மருமகன்?

கதவிடுக்கில் பெஞ்ச் தெரிந்தது. டாக்சிக்கார அக்கா இரவு முழுக்க வண்டி ஓட்டிய களைப்பில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் ஒரு கை கழுத்துத் தழும்பை மூடியிருந்தது.

தராசு சார் எழுந்துபோய் எழுத்தரின் அலமாரியைத் தானே திறந்து அவளுடைய கோப்பைத் தேடி எடுத்தார். கண் பரிசோதனையில் தேர்ச்சி. குறி பார்ப்பதில் அந்த வருடத்திலேயே முதலிடம். போலீஸ் அறிக்கை இருந்தது. தேவைக்கான காரணம் அவள் கழுத்திலேயே இருந்தது.

"இது ஏன்யா என் மேசைக்கு வரலை?"

"அது... போட்டோ கொஞ்சம் மங்கலா இருக்கு சார்."

"போட்டோவா மங்கல்?"

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "யாரும் அவங்களுக்காக வந்து கேக்கலை சார்."

தராசு சார் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனசுக்குள் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒன்றில் 'மறுக்கப்படுகிறது' என்றும் மற்றொன்றில் 'வழங்கப்படுகிறது' என்றும் எழுதினார். எழுத்தர் இந்த முறை கண்ணைச் சிமிட்டவில்லை. சிமிட்டவே மறந்துபோய் நின்றார்.

உரிமத்தைக் கையில் வாங்கிய அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரைப் பிடிச்சே, யாரைப் பிடிச்சேன்னு எல்லாரும் கேப்பாங்க சார். எனக்கு யாரையுமே தெரியாதே."

"அதுக்கெல்லாம் விண்ணப்பத்துல கட்டமே இல்லையேம்மா. எது இருக்கணுமோ அது உங்ககிட்ட இருக்கு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இனிமே பயமில்லாம ராத்திரி வண்டி எடுப்பேன் சார். நீங்க நல்லா இருக்கணும்."

சாயங்காலம் அவர் வெளியே வந்தபோதும் வண்டி வாசலிலேயே நின்றது. "நான் கொண்டுபோய் விடறேன். வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க" என்று கதவைத் திறந்தாள். தராசு சாருக்கு அன்றைக்கு இன்னொரு முறை மறுக்க மனமில்லை. ஏறிக்கொண்டார்.

"ஏன் சார் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"இன்னிக்கு ஒருத்தருக்கு மறுத்துட்டேன்மா. என்னை ஆளாக்கின மனுஷன். நான் சாப்பிடற சாப்பாடு அவர் போட்டது. அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை."

"அவருக்கு உங்க மனசு புரியும் சார்."

"வாயில்லாத மனுஷர்மா. திட்டினாக்கூடப் பரவாயில்லை. திட்டவே மாட்டார்."

வண்டி வீட்டெதிரே போய் நின்றது. விஷயம் அறிய மாமா முன்கூட்டியே வந்து வாசலில் காத்திருந்தார். பக்கத்தில் மனைவி. தராசு சார் இறங்கினார். பையிலிருந்து மறுப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மாமா படித்தார். நம்ப முடியாதவர்போல இன்னொரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மருமகனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, அப்பா" என்று பின்னாலேயே ஓடினாள்.

தராசு சார் டாக்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களாம்மா? எனக்கு எல்லாம் செஞ்ச மனுஷனைக் குழந்தை மாதிரி அழ வச்சுட்டேன்."

அக்கா வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியத்தோடு சொன்னாள்:

"அட, இவரா சார் உங்க மாமனார்? ஒவ்வொரு தடவையும் உங்க ஆபீஸ்லேருந்து இவரை ஏத்திக்கிட்டு வந்தது நான்தானே! 'சங்கத்து நச்சரிப்புக்காக எழுதிப் போட்டேன், துப்பாக்கின்னாலே எனக்குக் கை கால் உதறுது, அந்த ஆபீஸ்ல என்கிட்ட முடியாதுன்னு சொல்லக்கூடிய ஒரே ஆம்பளை என் மாப்பிள்ளைதான், கடவுளே, அவரும் மனசு மாறிடக் கூடாது'ன்னு வழி பூரா வேண்டிக்கிட்டே வந்தவராச்சே!"