பிடித்திருக்கிறது, அடுத்தது

ரசனைக்கு விலையே கிடையாது என்பவர்கள் விசாரித்துப் பார்க்காதவர்கள். மாதம் ஆயிரத்து இருநூறு. வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம். நான் பேரம் பேசி மூன்றாக்கினேன்.

மனிதச் செவிகளின் பொற்காலம் எங்கள் ஸ்டுடியோவில் இப்படித்தான் தொடங்கியது. முன்பெல்லாம் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் புதிதாக ஒரு ஒலி வேண்டுமென்றால், என் தங்கை வீட்டுக்காரர் நாற்பது குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சந்தாவில் வந்த கற்கும் இயந்திரம் தானே திருகி, வாசித்துக் காட்டி, 'பிடித்திருக்கிறதா?' என்று பணிவோடு கேட்கிறது. நம் பதிலிலிருந்து நம் ரசனையைக் கற்று, அந்தத் திசையில் மேற்கொண்டு 'ஆராய்கிறது'.

ஒரு பல் டாக்டர், காத்திருப்பவர்கள் பயந்து எழுந்து ஓடாமலிருக்க இதமான ஒலி கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்தால் அவர் ஆஸ்பத்திரியின் ஒன்பது கிளைகளுக்கும் ஒலி தரும் ஒப்பந்தம் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. இதை நான் அன்பாகவே சொல்லியிருந்தேன்.

'பிடித்திருக்கிறது' அழுத்தினால் உடனே அடுத்த ஒலி வரும். 'பிடிக்கவில்லை' என்றால் பதினான்கு கேள்விகளுடன் ஒரு படிவம் வரும். நாங்கள் பண்பாளர்கள். எந்த ஒலியின் மனதையும் புண்படுத்தவில்லை.

மூன்றாம் நாள், தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் ஒன்று வந்தது.

"மச்சான், காது போச்சு!"

"சட்டுனு 'பிடிச்சிருக்கு' அழுத்துங்க மாப்பிள்ளை, போயிடும்!"

போயிற்று. ஆனால் இயந்திரம் குறித்துக்கொண்டது: அரை விநாடியில் இவ்வளவு ஆர்வமான பாராட்டு இதுவரை எதற்கும் கிடைத்ததில்லை. மறுநாள் இரண்டு தகரம். அதற்கடுத்த நாள் ஒரு பட்டறையே வந்தது.

"நாம பொய் சொல்றோம், பாவம், அது நம்புது."

"பொய்யில்ல மாப்பிள்ளை, நேர நிர்வாகம்."

டாக்டர் வந்தார். இறுதி ஒலியைக் கேட்டதும் தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"இதுல எத அழுத்தணும்?"

"பிடிக்கலன்னா பதினாலு கேள்வி சார்."

"ஐயையோ, அங்க ஒருத்தர் வாயத் திறந்தபடி உக்காந்திருக்கார்!" என்று 'பிடித்திருக்கிறது' அழுத்தி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடினார்.

அப்போதுதான் மாப்பிள்ளை ஒழுங்கீனத்தில் இறங்கினார். 'பிடிக்கவில்லை' அழுத்தினார். பதினான்கு கேள்விக்கும் பதில் எழுதினார். ஏன் பிடிக்கவில்லை? 'காது இருக்கிறது.' எப்படி மேம்படுத்தலாம்? 'நிறுத்தலாம்.' யாருக்குப் பரிந்துரைப்பீர்கள்? 'என் மச்சானுக்கு.'

இயந்திரம் பதினான்கு பதில்களையும் குறித்துக்கொண்டது. பிறகு ஒன்றை வாசித்தது. தூங்கும் குழந்தையின் முதுகில் மெல்லத் தட்டுவதுபோல் இருந்தது. என் தோள்பட்டை தானாக இறங்கியது.

"இதான் மச்சான்! இதக் குடுங்க!"

"கையெழுத்து பட்டறைக்கு ஆயிடுச்சே மாப்பிள்ளை."

மாத முடிவில் கணக்குப் பார்த்தேன். பிடித்திருக்கிறது: 4,208. பிடிக்கவில்லை: 1. அந்த ஒன்றை அழுத்தியவரை வேலையிலிருந்து நீக்கினேன். பட்டறை ஒலியைக் கேட்டு ஒன்பது கிளைகளின் வாசலோடு திரும்பிப்போன வீங்கிய கன்னங்கள் இருநூற்றுப் பதினொன்று. அவற்றை எழுதக் கணக்கில் இடம் விடவில்லை. கணக்கு நேர்.