சீனி உறிஞ்சும் கயோவாக் கல்

கோயில் தேருக்குக்கூட வராதவர்கள் அந்த ஞாயிறு சுவிஸின் கூர், சூக் நகரங்களிலிருந்து ரயிலேறித் தலைநகர் பேர்ணுக்கு வந்துவிட்டார்கள். வாடகை மண்டபத்தில் நிற்க இடமில்லை. உள்ளே 'கயோவா வைத்தியர்' இராஜசிங்கம் கல் வைக்கிறாராம். வைத்தால் சலரோகம், அதுதான் சீனி வியாதி, போய்விடுமாம். காணிக்கை ஐம்பது பிராங்க். சலரோகம் போகிறதோ இல்லையோ, பிராங்க் போவது நிச்சயம்.

யார் இந்த வைத்தியர்? போன வருடம்வரை வீடுகள் துப்புரவாக்கியவர். இறந்துபோன ஒரு சுவிஸ் கிழவியின் வீட்டை ஒதுக்கும்போது ஒரு சாம்பல் நிறக் கல்லும், கையால் எழுதிய பழைய ஜெர்மன் கொப்பியும் அவருக்குக் கிடைத்தன. கிழவியின் உறவினர் சொன்னபடி, அவளின் பாட்டனார் சிறு வயதில் அமெரிக்காவில், டாக்டரிடம் போக ஒரு நாள் வண்டி ஓட்டவேண்டிய காட்டுப்புறத்தில், கயோவாப் பழங்குடியினருக்கு அயலில் வாழ்ந்தவராம். கொப்பி முழுதும் அந்தக் குடும்ப நினைவுகள்தான். அந்தப் பழைய எழுத்து இராஜசிங்கத்துக்கு வாசிக்க வராது. அதனாலென்ன? கல் கயோவாக்களின் மருந்து என்று அவரே சொல்லிக்கொண்டார். சந்தனம் பூசிப் பட்டில் சுற்றினால் எந்தக் கொப்பியும் வேதம்தான்.

"கல்லு ஒட்டினால் உடம்பிலை சீனி இருக்கு. விழுந்தால் உறிஞ்சி முடிஞ்சுது," என்றார் வைத்தியர். ஈரத்துணியால் துடைத்த கைகளில் கல் ஒட்டியது. சனம் கும்பிட்டது.

முன்வரிசையில் யோகாம்பாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்த மகள் ஜெனனி, தாயின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். உதடு காய்ந்திருந்தது. இரண்டாவது போத்தல் தண்ணீரும் முடிந்திருந்தது.

"அம்மா, இன்சுலின் போட்டனீங்களோ?"

"மூண்டு நாளாப் போடேல்லை பிள்ளை. ஊசி போட்டால் கல்லுக்குக் கோவமாம்."

"எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"கல்லு வைக்காமல் வரமாட்டன்!"

ஜெனனிக்கு வந்த கோபத்துக்கு முன்னால் கல்லின் கோபம் எம்மாத்திரம்? மண்டபச் சமையலறைக்கு ஓடி, ஈரச் சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அண்ணை, இதிலை ஒருக்கா வையுங்கோ."

"விளையாடாதேங்கோ தங்கச்சி."

"ஏன், கல்லுக்குச் சவுக்காரம் எண்டால் பயமோ?"

சனம் சிரித்தது. வேறு வழியில்லாமல் வைத்தார். கல் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

"சவுக்காரத்துக்கும் சலரோகமோ அண்ணை?"

"கயோவாக்காரற்றை ஞானம் உனக்கு விளங்காது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

ஜெனனி பட்டைப் பிரித்துக் கொப்பியை எடுத்தாள். இல்லத்து முதியவர்களின் பழைய கடிதங்களை வாசித்துக் காட்டுபவளுக்கு அந்த எழுத்து பழக்கம். தமிழாக்கி உரக்கச் சொன்னாள்:

"தம்பியை விசர்நாய் கடித்தது. அப்பா ஊர் ஊராய்த் திரியும் வியாபாரியிடம் வாங்கிய கல்லைக் காயத்தில் கட்டினார். பக்கத்து வீட்டுக் கயோவாப் பெண், கல்லை எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவி டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. தம்பி செத்துப்போனான். அவள் வந்து அம்மாவோடு இருந்து அழுதாள்."

சனம் வைத்தியரைத் திரும்பிப் பார்த்தது. இராஜசிங்கம் கதவைத் தேடினார்.

யோகாம்பாள் எழுந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "வா பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

மூளையில்லாத கல் ஈரத்தைக் கண்டால் ஒட்டும். மூளையுள்ள மனிதர்களே, நீங்கள் எதைக் கண்டு ஒட்டினீர்கள்?