வாலில் இருக்கிறது அதிகாரம்

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. இந்த மாதிரிக் கதையில் சிங்கம்தானே முதலில் வரும் என்று கேட்பீர்கள். இந்தக் காட்டில் சிங்கத்தை எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அங்கே நடப்பது உழைப்பாளிகளின் ஆட்சி. உழைப்பாளிகள் என்றால் எருமைகள். ஆட்சி என்றால் கொக்குகள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கொக்குகள் ரொம்ப நல்லவர்கள். வெள்ளை உடுப்பு, மெல்லிய குரல். எந்நேரமும் எருமைகளின் முதுகிலேயே உட்கார்ந்து அவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள். அந்த முதுகில் மொய்க்கிற ஈயையும் உண்ணியையும் தவிர வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. திட்டக்குழு என்று ஒன்று வைத்து, யார் எங்கே மேய்வது, எவ்வளவு புல் சுமப்பது, எங்கே அடுக்குவது என்று எல்லாவற்றையும் அவர்களே யோசித்தார்கள். புல் போர் மளமளவென்று வளர்ந்தது. அது பொய்யில்லை. முன்பெல்லாம் கோடை வந்தால் விலா எலும்பு தெரிய நின்ற கூட்டம், இப்போது தொந்தியும் தொப்பையுமாக அசைபோட்டது.

மொட்டைக்கொம்பி என்ற எருமைக்கும் வயிறு நிறைந்துதான் இருந்தது. அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. மத்தியான வெயிலில் குட்டையில் இறங்கி, மூக்கு மட்டும் வெளியே தெரிய, கண்ணை மூடி ஊறவேண்டும். அது கூட இல்லாமல் எருமையாகப் பிறந்து என்ன பிரயோஜனம்? ஆனால் குட்டையைச் சுற்றி வேலி போட்டு, ‘ஊறுவதால் வளர்ச்சி இல்லை’ என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

ஒருநாள் தன் முதுகில் இருந்த திட்டக்குழுத் தலைவரிடமே கேட்டுவிட்டாள். “ஐயா, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேனே. சுமையைக் குறைக்க மாட்டேன்.”

தலைவர் பதறிப்போனார். “என்னம்மா இது, என்னைப் போய்க் கேட்கிறீர்களே! நான் யார்? உங்கள் ஊழியன். அதிகாரமெல்லாம் உங்கள் வாலில்தானே இருக்கிறது!”

சட்டப்படி அது உண்மைதான். எருமைக்குத் தூக்கக் கை கிடையாது. அதனால் கூட்டத்தில் ஒரு திட்டத்தைப் படித்ததும், சம்மதம் என்பவர்கள் வாலைத் தூக்க வேண்டும். கூட்டம் உச்சி வெயிலில் நடக்கும். இதுவரை வந்த எல்லாத் திட்டங்களும் ஏகமனதாக நிறைவேறியிருந்தன.

அதுதான் மொட்டைக்கொம்பிக்கு இடித்தது. அன்று தண்ணீர் குடிக்கும் தொட்டியருகே தன் அண்ணன் மனைவி வெட்டுக்காதியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மதினி, போன கூட்டத்துல எதுக்கு வாலைத் தூக்குனீங்க? இன்னும் ரெண்டு கட்டு கூடச் சுமக்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா?”

“ஆசையாவது மண்ணாவது! ஈ பிடுங்கி எடுத்துச்சு, விரட்டுனேன். நீ எதுக்குத் தூக்குன?”

“நானும் ஈயைத்தான் மதினி விரட்டுனேன்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டைக்கொம்பிக்குப் பொறி தட்டியது. குட்டையில் ஊறினால் மேலெல்லாம் சேறு. சேறு இருந்தால் ஈ கடிக்காது. ஈ கடிக்காவிட்டால் வால் எழும்பாது.

“அட படுபாவிகளா! இதுக்குத்தான் வேலியா?” என்று அவள் கத்தியதில் தொட்டித் தண்ணீரே கலங்கிவிட்டது.

அதற்குள் அடுத்த திட்டமும் வந்துவிட்டது. குட்டையை ஒரேயடியாக மூடி, அதன்மேல் உழைப்பாளர் வெற்றி மண்டபம் கட்டப் போகிறார்கள். இது நிறைவேறினால் இந்த ஜன்மத்தில் முழுக்கு இல்லை.

கூட்டத்தன்று விடியற்காலையில் இருவரும் வேலிக்கு அடியில் நுழைந்து, சேற்றில் புரண்டு எழுந்து, கொம்பு கொம்பாகச் சேற்றை அள்ளி வந்தார்கள். கூட்டம் மொத்தமும் பூசிக்கொண்டது. “வால் நுனி வரைக்கும் அப்புங்க, ஒரு ஈ கூட உட்காரக் கூடாது!” என்று மொட்டைக்கொம்பி நின்று மேற்பார்வை பார்த்தாள்.

உச்சி வெயில். அண்ணன்காரனின் கொம்பில் ஒலிபெருக்கியைக் கட்டி, அவன் முதுகில் ஏறி நின்று தலைவர் முழங்கினார். “குட்டையை மூடச் சம்மதிப்பவர்கள் வாலைத் தூக்குங்கள்!”

ஒரு வால் அசையவில்லை. ஈக்கள் வந்தன, சேற்றின்மேல் உட்கார்ந்து பார்த்தன, சலித்துப்போய்ப் பறந்துவிட்டன. தலைவரின் கழுத்து நீண்டது. மொட்டைக்கொம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிகாரம் என்றால் இதுதானா, இவ்வளவு சுகமாகவா இருக்கும் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைவர் கால் மாற்றி நின்றார். தொண்டையைச் செருமினார்.

“ரொம்ப நல்லது. அப்படியானால், எதிர்ப்பவர்கள் வாலைத் தூக்குங்கள்.”

மொட்டைக்கொம்பி துள்ளிக்கொண்டு தூக்கினாள். வால் வரவில்லை. விடியலில் அப்பிய சேறு வெயிலில் காய்ந்து, சுவரில் தட்டிய வரட்டி மாதிரி வாலைத் தொடையோடு ஒட்டி வைத்திருந்தது.

“மதினி, தூக்குங்க!”

“எங்க தூக்குறது? ஒட்டிக்கிச்சே!”

சுற்றிலும் எல்லா எருமைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கின. மொட்டைக்கொம்பி வாய்விட்டே அலறினாள். “ஐயா, நான் எதிர்க்கிறேன்! நாங்க எல்லாருமே எதிர்க்கிறோம்!”

“வாயால் சொல்வது சட்டப்படி செல்லாதம்மா. வாய் மேய்வதற்கு” என்றார் தலைவர் கனிவாக. பிறகு ஒலிபெருக்கியில், “ஓர் எதிர்ப்பும் இல்லை! ஏகமனதாக நிறைவேறியது!” என்று அறிவித்தார்.

குட்டையை மூட மண் சுமந்தது எருமைகள்தான். சுமந்த மண்ணையும் வளர்ச்சியில் சேர்த்துக்கொண்டதால், அந்த வருஷம் வளர்ச்சி வானத்தைத் தொட்டது. புல் இன்னும் ஒரு கட்டு கூடக் கிடைத்தது. மண்டப வாசலில் உழைப்பாளியைக் கௌரவிக்க ஒரு கல் எருமை வைத்தார்கள். முகம் அப்படியே மொட்டைக்கொம்பியின் ஜாடை. தினமும் மத்தியானம் அவள் சுமையோடு அந்த வழியாகத்தான் போகிறாள், முதுகு தீயாக எரிகிறது.

கல் எருமையின் வாலைத் தூக்கினாற்போலச் செதுக்கியிருந்தார்கள். அதனால் அதற்குப் பிறகு கூட்டமே தேவைப்படவில்லை.

நீதி: உழைக்கும் வர்க்கம் ஒன்றுபட வேண்டும், சேறு காய்வதற்குள் ஒன்றுபட வேண்டும்.