சம்பந்தியம்மாவுக்கு நான் சொன்ன கதை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ரவாங் தியேட்டரில், என் மகளைப் பெண் கேட்டிருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். சாயங்காலம் அவர்கள் புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுக்கு வந்து நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதாக ஏற்பாடு.

"அவங்க சகுனம் பாக்குறவங்க. நீ வாயத் தொறக்காம இருந்தாலே போதும்லா," என்றார் என் கணவர்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது மகள் கவிதாவும் மாப்பிள்ளையும். உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"என்ன படம்டி?"

"பழைய மேடை நாடகம்மா. அதுல வர்ற ராஜாவ இதுல லோரி கம்பெனி முதலாளியா மாத்திட்டாங்க. ட்ராஜடி."

"முடிவு?"

"எல்லாரும் செத்துருவாங்க."

விளக்கு அணைந்தது.

சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார். "கண்ணாடிய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன். கீழ ஓடுற மலாய் எழுத்து தெரியல. இங்கிலீஷும் வேகமாப் பேசுறான். நீங்கதான் கதை சொல்லணும்."

பல வருஷமாகப் பத்திரிகையில் சிறுவர் பகுதி எழுதுகிறவள் நான். என் கதைகளில் ஓநாய் முயலைத் தின்றதே இல்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து கேரட் நடுவார்கள்.

திரையில் முதலாளியின் பங்காளி கோப்பியில் எதையோ ஊற்றினான்.

"என்ன ஊத்துறான்?"

"இருமல் மருந்து."

குடித்த முதலாளி அப்படியே சரிந்தார்.

"என்னாச்சு?"

"நல்ல மருந்து. தூக்கம் வந்துருச்சு."

அடுத்து மகன் மொட்டைமாடியிலிருந்து விழுந்தான். கீழே வலை கட்டியிருக்கிறார்கள் என்றேன். மருமகள் காரோடு கடலுக்குள் போனாள். நீச்சல் தெரிந்த பெண் என்றேன். சம்பந்தியம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

கடைசிக் காட்சி. லோரிக் கிடங்கு முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். நடுவில் முதலாளியின் மனைவி, தலைவிரிகோலம்.

"ஏன் எல்லாரும் இங்க படுத்திருக்காங்க?"

"நாளைக்குக் கல்யாணம் சம்பந்தி. வேலை செஞ்சு அலுத்துட்டாங்க."

"அந்தம்மா ஏன் மார்ல அடிச்சிக்குது?"

"சந்தோஷம் தாங்கல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு எரிந்ததும் எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், மகனை இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துவிட்டார்.

"அவங்ககிட்ட என்னம்மா சொன்னீங்க?" கவிதாவின் கண் கலங்கியிருந்தது.

"நல்லதாத்தான்டி சொன்னேன்."

"போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாம போறாங்க."

புக்கிட் ரோத்தான் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. சம்பந்தம் முறிந்ததை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் தேடிக்கொண்டே வந்தேன்.

வாசலில் இறங்கும்போது கைப்பேசி அடித்தது. சம்பந்தியம்மா.

"கோவமா சம்பந்தி?" என்றேன் மெல்ல.

"எதுக்குக் கோவம்? சாவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புவாங்களா?"

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கண்ணாடி இல்லாம எழுத்துதான் தெரியல. பொணம் தெரியாமலா போகும்? நான் தலைக்குக் குளிச்சிட்டேன். தேதி குறிக்கக் கிளம்பிட்டோம். நீங்களும் குளிச்சிட்டு விளக்கேத்தி வைங்க."

ஒருவர்கூடச் சாகாத படத்தைப் பார்த்துவிட்டு வந்த நான், வீட்டுக்குள் கால் வைக்காமல் நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போனேன்.