வெல்லத்துக்குச் சமமாக நான்

குண்டான பிள்ளைக்குத் தன் எடை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே தெரியும். வெளியே சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்வோம். பதிமூன்று வயதில் நான் அப்படிச் சொன்னதுதான், சிதம்பரத்தில் ஒரு கோயில் கூட்டத்தின் முன்னால் என் மானத்தை வாங்கியது.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். 'கொழுகொழுன்னு இருக்கான்' என்று தெருவே என் கன்னத்தைக் கிள்ளும். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. அடிக்கடி தலைவலி வருகிறதே என்று டாக்டரிடம் கூட்டிப் போனார். பிள்ளைகளுக்கான பிரஷர் பட்டை என் கையைச் சுற்றி வர மறுத்தது. பெரியவர்கள் பட்டையைக் கட்டிப் பார்த்த டாக்டரம்மா, வேறு வேறு நாளில் வரச்சொல்லி மறுபடியும் பார்த்தார். சிறுநீரையும் சோதித்தார்.

"வயசுக்கு பிரஷர் ரொம்ப ஜாஸ்திம்மா. கிட்னிலேர்ந்து புரோட்டீன் லேசா ஒழுக ஆரம்பிச்சிருக்கு. எடையும் உப்பும் கொறைஞ்சா சரியாயிடும். இப்படியே விட்டா கிட்னி கெட்டுடும்."

அம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. அங்கேயே கண்ணை மூடி, சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வ அம்மனுக்கு எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் என்னை எடை மெஷினில் ஏற்றினார்கள். முள் போய் நின்ற இடம் எனக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

மளிகைக் கடை வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விஷயத்தைக் கேட்டு யோசித்தார்.

"எந்த எடைக்குக்கா? இப்ப இருக்கறதுக்கா, கொறைஞ்ச பொறவு இருக்கறதுக்கா?"

"வேண்டிக்கிட்ட அன்னிக்கு இருந்த எடைக்குத்தான்டா. அம்மனையே ஏமாத்தச் சொல்றியா?"

மாமா என் பக்கம் திரும்பினார். "எவ்ளோடா மாப்ள இருப்ப?"

"அறுபது மாமா." (அறுபதைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன்.)

ஆடி வெள்ளி. கோயிலில் நிற்க இடமில்லை. வேட்டி மட்டும் கட்டி என்னைத் தராசில் உட்கார வைத்தார்கள். எதிர்த் தட்டில் மாமா, நான் சொன்ன கணக்குக்குக் கொண்டுவந்த அறுபது கிலோ வெல்லத்தை அடுக்கினார். கடைசி உருண்டையும் ஏறிவிட்டது. என் தட்டு தரையை விட்டு அசையவே இல்லை.

"என்னடா இது?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். நான் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்தி முற்றியவன் போல. மாமா அர்ச்சனைத் தேங்காயை வைத்தார். யாரோ ஒரு பெண்மணி இரக்கப்பட்டுத் தன் வாழைத்தாரை வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. அப்போது என் தட்டு லேசாக எழும்பியது.

"அம்மா, கைய எடுங்க," என்றார் பூசாரி.

அம்மா எதிர்த் தட்டை அழுத்திக்கொண்டிருந்தார். கையை எடுத்ததும் நான் தொப்பென்று இறங்கினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா மட்டும் அழுதார். "ஊட்டி ஊட்டி நானே எம்புள்ளய கெடுத்துட்டேனே," என்றார். எனக்கு அவமானமெல்லாம் மறந்து பயம் வந்தது. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா தொண்டையைச் செருமினார். "பூசாரி, தராசு சமமாவணும், அவ்ளோதான? வெல்லம் இவ்ளோதான். மிச்சத்த இவன் கொறைச்சுக்கட்டும். அடுத்த ஆடிக்கு வரோம்."

பூசாரி யோசித்தார். "தராசு சமமானா அம்மனுக்கு சரி," என்று வெல்லத்தைக் கூட்டத்துக்கு விநியோகிக்கச் சொன்னார்.

அந்த வருஷம் முழுக்க விடியற்காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் ஓட, மாமா மொபெட்டில் பின்னாலேயே வந்தார். வீட்டில் அப்பளமும் ஊறுகாயும் வாங்குவதை நிறுத்தினார்கள். எனக்காக அம்மாவும் உப்பைக் குறைத்தே சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிப்ஸ் பாக்கெட் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த ஆடியில் அதே அளவு வெல்லம் வைத்தார்கள். என் தட்டு ஆடி ஆடி மேலே வந்து சமமாக நின்றது. கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்? பிரஷர் சரியாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. சிறுநீரில் புரோட்டீனும் நின்றிருந்தது.

போன மாதம் மாமாவை நான் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர் ஏறியிருந்தது, தொப்பையும்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கண்ணை மூடினார். மாமா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"அக்கா, நீ மட்டும் எதுவும் வேண்டிக்காத. நாளைலேர்ந்து நானே நடக்குறேன்."