விழுப்புரம் போன காத்தாடி

காத்தாடி மறுபடியும் மூக்கு குத்தி விழுந்தது.

"அண்ணே, இது இடது பக்கமாவே சாயுது. சரக்கு போட்டுக்கினு வந்த மாதிரியே இருக்குது" என்றாள் பொன்னி, ஏரியின் வெடித்த மண்ணில் கிடந்ததைத் தூக்கி நிறுத்தியபடி.

"சாயட்டும்மா. சாஞ்சாதான் தப்பு எங்க இருக்குதுன்னு தெரியும்."

ஜெகதீசன் நடந்து வந்து குந்தி உட்கார்ந்தார். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, எது எதனால் எரிந்தது என்று சொந்தக்காரருக்கு விளக்கிச் சொல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டார். சொந்தக்காரர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டார்.

இந்தக் காத்தாடியையும் அவரே செய்தார். கழுகு சிறகை விரித்தது போல ஆளுயர அகலம். பழைய குடைகளின் துணியை வெட்டித் தைத்து, கோட்டக்குப்பத்தில் வாங்கிய தூண்டில் கழிகளை அறுத்து எலும்பாகச் செருகியிருந்தார். சாதாரணக் காத்தாடிக்கு ஒரு நூல். அது காற்று சொன்ன இடத்துக்குப் போகும். இதற்கு இரண்டு நூல், ஒவ்வொரு கைக்கும் ஒன்று. நாம் சொன்ன இடத்துக்குப் போகும்.

"இங்க பாரு. வண்டிமாட்டுக்கு ரெண்டு பக்கமும் கயிறு இருக்குதுல்ல? வலது கயிற இழுத்தா வலது பக்கம் திரும்பும். அதேதான் இது. ஆனா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். காத்தாடிய நூலோட சேக்கற இந்தச் சூத்திரக் கயித்துல முடிச்சு ஒரு நெல்லளவு கீழ எறங்கியிருக்குது. அதுக்கே இவ்ளோ பேஜாரு."

முடிச்சை நெல்லளவு மேலே தள்ளினார். பொன்னி தலையை ஆட்டினாள். ஆடி பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் இரண்டு ஆடுகளை மேய்க்கிறாள். ஜெகதீசன் காத்தாடியோடு வரும் நாளெல்லாம் அதைத் தூக்கிப் பிடிப்பவள் அவள்தான். அவர் விளக்குவதைக் கடைசிவரை கேட்ட ஒரே பிறவியும் அவள்தான். நடுநடுவே அவளும் ஏதாவது கேட்பாள். அண்ணி கோபக்காரங்களா, பொண்ணு சமைக்குமா, வீடு சொந்த வீடா. ஜெகதீசன் அதற்கும் விளக்கமாகவே பதில் சொல்லுவார்.

"ஆமா, இன்னிக்கு அண்ணிகிட்ட என்னான்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"விழுப்புரத்துக்குக் காயில் கம்பி வாங்கப் போறேன்னு."

"போன வாரமும் கம்பிதானே வாங்கினீங்க?"

"தீந்துபோச்சு" என்றார் ஜெகதீசன், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆடியால் வந்தது. மேற்கிலிருந்து இப்படி அறுபடாமல் ஒரே சீராக வீசும் காற்று வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. ஆனால் அதே ஆடியில்தான் கல்யாணத்துக்கு ஆள் விட்டு விசாரிப்பார்கள். ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள், தட்டு மாற்ற மாட்டார்கள். வேறு வேலை இல்லாததால் பெண் வீட்டு அப்பன் எப்படி, அவன் பேச்சு எப்படி என்று டீக்கடையிலும் பக்கத்து வீட்டிலும் சத்தம் போடாமல் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

மகள் ரோஜாவுக்கு வளவனூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சேரன். வந்த போட்டோவையெல்லாம் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்த ரோஜா, இந்தப் போட்டோவை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.

"வளவனூர்க்காரங்க ஆள் விட்டிருக்காங்களாம், தரகர் சொன்னாரு" என்று மனைவி அன்புச்செல்வி அன்றே அறிவித்துவிட்டாள். "பேரன் எடுக்கிற வயசுல இவரு ஏரியில காத்தாடி வுட்டுக்கினு திரியறார்னு காதுல விழுந்துச்சுன்னா, குடும்பமே கழண்ட கேசுன்னு போயிடுவாங்க. ஆடி முடியற வரைக்கும் அதைத் தொடக் கூடாது."

ஆடி முடிந்தால் காற்றும் முடிந்துவிடும் என்று ஜெகதீசன் விளக்க ஆரம்பித்தார். அன்புச்செல்வி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"தூக்கிப் புடி, பொன்னி. நான் இழுத்ததும் விட்டுடணும்."

அவர் இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்து ஓரடி நகர்ந்தார். காத்தாடி சர்ரென்று ஏறியது. வலது கையை இழுத்தார்; வலப்பக்கம் ஒரு வட்டம். இடதை இழுத்தார், இடப்பக்கம் ஒரு வட்டம். நெல்லளவு திருத்தம் அவ்வளவு வேலை செய்தது. ஜெகதீசன் முகத்தில், எரிந்த மோட்டார் சரியாகி முதல் சுற்று சுற்றும்போது வருகிற சிரிப்பு வந்தது.

"அண்ணே, ஆடு! கரைமேல ஏறுது! ஏ, வா... இங்க வா... ஐயோ, என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குதே!"

ஜெகதீசன் அசையவில்லை. காத்தாடியைக் கரையோரமாகத் தாழ இறக்கி, ஆடுகளுக்கு முன்னால் படபடவென்று குறுக்கே ஓட்டினார். ஆடுகள் மிரண்டு திரும்பி ஓடி வந்தன.

"பாத்தியா? நாம சொல்ற எடத்துக்குப் போவுது."

"ஆடா, காத்தாடியா?"

"ரெண்டும்தான்."

கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக இறங்கி வந்தார்.

"வணக்கங்க. ஒரு விஷயம் கேக்கணும். திண்டிவனத்துல காயில் கட்டற ஜெகதீசன்னு ஒருத்தரு, உங்களுக்குப் பழக்கமா?"

காத்தாடி உயரத்தில் ஒரு குலுக்கு குலுங்கியது.

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் ஜெகதீசன்.

"ஆளு எப்படிங்க? நம்பலாமா?"

வந்தே விட்டார்கள். ஜெகதீசனுக்கு உள்ளங்கை வியர்த்தது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் காலியில்லை.

"தங்கமான மனுசங்க. அனாவசியமா ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

பொன்னி இருமினாள்.

"குடி கிடி?"

"டீ கூடக் குடிக்க மாட்டாருங்க."

"எப்பவும் கடையிலதான் இருப்பாரா?"

"கடையை விட்டு நகரவே மாட்டாரு. அவ்ளோ பொறுப்பு."

"நான் கடையிலேர்ந்துதான் வர்றேன். பூட்டிக் கெடக்குது."

ஜெகதீசன் காத்தாடியை ஒரு சுற்று சுற்றவிட்டு யோசித்தார். "இன்னிக்கு ஆடி வெள்ளிங்களே, கோயிலுக்குப் போயிருப்பாரு. பக்தி ஜாஸ்தி."

"இன்னிக்கு வியாழக்கிழமைங்க."

"அதான் சொல்றேன். ஒரு நாள் முன்னாடியே போயிடுவாரு."

வந்தவர் தாடையைத் தடவிக்கொண்டார். "என் பேரு கோதண்டபாணி. பிரம்மதேசம். உங்க பேருங்க?"

"கிருஷ்ணசாமி" என்றார் ஜெகதீசன். நாக்கில் முதலில் வந்து நின்ற பெயர் அதுதான்.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் கோதண்டபாணி அண்ணாந்து பார்த்து, "இது என்னங்க, ரெண்டு நூல்ல பறக்குது? மாஞ்சா இல்லியே?" என்று கேட்டுவிட்டார்.

இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க ஜெகதீசனால் முடியாது.

"ஐயையோ, தூண்டில் நூலுங்க! வட்டம் போடப் போட ரெண்டு நூலும் ஒன்னுமேல ஒன்னு முறுக்கிக்கும். அப்பவும் வழுக்கிக்கினு ஓடணும். மாஞ்சா போட்டா தன் நூலைத் தானே அறுத்துக்கும். பாருங்க, நாலு வட்டம் வலது பக்கம் போட்டா, நாலு வட்டம் இடது பக்கம் போட்டு முறுக்கைப் பிரிக்கணும். காயில் சுத்தறதும் அதே கணக்குதான், சுத்து தப்பிச்சுன்னா..."

"காயிலா? உங்களுக்கு அது தெரியுமா?"

ஜெகதீசன் வாயை மூடினார். "ஜெகதீசன் சொல்லக் கேட்டிருக்கேன்."

"அவருதான் பேசவே மாட்டாருன்னீங்களே?"

அந்த நேரம் பார்த்து ஜெகதீசனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று பொன்னிக்குக் கண்ணைக் காட்டினார். அவளோ உதவிக்கு ஓடி வந்து, போனை எடுத்து, ஸ்பீக்கரையும் போட்டு அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"என்னங்க, விழுப்புரம் போய்ச் சேந்துட்டீங்களா?" அன்புச்செல்வியின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது.

"ஆங்... சேந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

"அது என்னா 'ங்ஙொய்'னு சத்தம்?"

விறைத்து நின்ற நூல்கள் காற்றில் பாடிக்கொண்டிருந்தன.

"பஸ்ஸு. டிரைவரு ஹாரன்ல வெச்ச கைய எடுக்க மாட்டேங்கறாரு."

ஆடு ஒன்று போனுக்குப் பக்கத்தில் வந்து கத்தியது.

"ஆடு கத்துதே?"

"பஸ்ல ஏத்திட்டாங்க. கண்டக்டரு டிக்கெட் எடுக்கச் சொல்றாரு. ஒரே ரகளை."

கோதண்டபாணி வெறும் ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அத வுடுங்க. இதக் கேளுங்க" என்றாள் அன்புச்செல்வி. "கடைக்கு ஒருத்தரு வந்தாராம். வெள்ளைச் சட்டை, பைக்கு. பக்கத்துக் கடையில உங்களைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டாராம். வளவனூர்க்காரங்க வுட்ட ஆளுதான், சந்தேகமே இல்ல. எங்கனா பாத்தீங்கன்னா வாயையே தொறக்காதீங்க. காத்தாடின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, ரோஜா கல்யாணம் அவ்ளோதான். ஜல்தியா வூட்டுக்கு வாங்க."

போன் நின்றது. ஜெகதீசனின் கைகள் தாமாகத் தளர்ந்தன. இரண்டு நூல் காத்தாடிக்கு இழுவிசைதான் உயிர். கை தளர்ந்தால் அது வெறும் குடைத்துணி. காத்தாடி மெல்லப் புரண்டு, கரைமேல் நின்ற பைக்கின் மேல் போய் முக்காடு போட்டது போல விழுந்தது.

"அப்ப நீங்கதான் ஜெகதீசன்" என்றார் கோதண்டபாணி.

"ஆமாங்க" என்றார் ஜெகதீசன். "எல்லாம் நான்தாங்க. பொய் சொன்னதும் நான்தான். காத்தாடிப் பைத்தியமும் நான்தான். ஆனா பைத்தியம் எனக்கு மட்டுந்தாங்க, பொண்ணுக்குக் கிடையாது. அவ அம்மா மாதிரி, ரொம்பத் தெளிவு. என்னை வெச்சு அவளைத் தள்ளிடாதீங்க. வேணும்னா இதை இன்னிக்கே பிரிச்சுப் போட்டுடறேன்."

கோதண்டபாணி புரியாமல் விழித்தார். "எந்தப் பொண்ணுங்க?"

"எங்க ரோஜாதான். நீங்க வளவனூர்லேர்ந்து..."

"நான் பிரம்மதேசம்னு சொன்னேனே! போர் மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க. மல்லாட்டைப் பயிரு தண்ணியில்லாம காயுது. காயில் கட்டக் குடுத்தா, காப்பரை உருவிக்கினு அலுமினியத்தைச் சுத்திக் குடுத்துடறாங்க சில பேரு. போன தடவை ஒருத்தன்கிட்ட ஏமாந்துட்டேன். அதான் ஆளு எப்படின்னு கேட்டுக்கினு வந்தேன்."

ஜெகதீசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். அலுமினியக் கம்பியைச் சுரண்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கத் தொடங்கினார். கோதண்டபாணி பாதி கேட்டதும், "போதுங்க, நம்பிட்டேன். சாயந்திரம் மோட்டாரை எடுத்தாரேன்" என்று சொல்லி, பைக்கின் முக்காட்டை விலக்கிப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"உயிரு போயி உயிரு வந்துச்சு, பொன்னி." ஜெகதீசன் நூலைச் சுற்றத் தொடங்கினார். "அந்த வளவனூர் ஆளு மட்டும் இதையெல்லாம் பாத்திருந்தான்னா! பஸ்ல ஆடு, வியாழக்கிழமையில வெள்ளிக்கிழமை, கிருஷ்ணசாமி... நல்ல வேளை, இங்க நம்மளைத் தவிர யாருமில்ல. யார்கிட்டயும் சொல்லிடாத, என்னா?"

"நான் ஏண்ணே சொல்லப் போறேன்" என்றாள் பொன்னி. இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். காற்று மேற்கிலிருந்து அடித்ததால், மேற்கே நின்று அவள் பேசியது ஒரு சொல் சிந்தாமல் அவர் காதில் வந்து விழுந்தது.

"அக்கா, நம்ம சேரனுக்கு இந்த வூட்டுலயே பொண்ணு எடுத்துடலாம், மனுசனுக்குப் பொய் சொல்லவே வரல, இந்த எரவல் ஆடு ரெண்டையும் வந்து ஓட்டிக்கினு போகச் சொல்லு, எனக்கு மேய்க்க வரல."