போத்தலில் ஒரு வயிற்று நோவு

வயிறு நோகுது என்று மகள் சொன்னால் நான் நம்புவதுமில்லை, நம்பாமல் விடுவதுமில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன். பிறகு பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியது சரிதானா என்று வாசலிலேயே நின்று யோசிப்பேன். (அரை மணித்தியாலத்தில் வகுப்பாசிரியைக்கு ஃபோன் எடுப்பதும் உண்டு. அவர் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை.) எல்லாவற்றுக்கும் காரணம் என் வயிற்றின் வலப்பக்கத்தில் இருக்கும் ஒரு தழும்பு.

அது யுத்த காலம். மாவட்டம் முழுவதிலுமிருந்து விஞ்ஞானத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, திருகோணமலை நகரத்தில் ஓர் அரசாங்க விடுதிப் பாடசாலையில் சேர்த்திருந்தார்கள். குச்சவெளியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். உயிரியல் பிரிவில் நாங்கள் பதினொரு பெண்கள். பதினொரு பேரும் டொக்டராகப் போகிறவர்கள். ஒருத்தி தும்மினால் பத்துப் பேர் நாடி பிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் பார்க்க வரலாம். என் பக்கத்துக் கட்டில் ரிஸ்வானாவின் உம்மா கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வந்துவிடுவார். குச்சவெளி வீதியிலோ பஸ் ஓடினால் ஓடும், இல்லையென்றால் இல்லை. அம்மா வந்து மூன்று மாதமாகிவிட்டது. விறாந்தையில் சாப்பாட்டுப் பார்சல்கள் அவிழும் சத்தம் கேட்காத இடம் ஆய்வுகூடம்தான். துடைத்து வைக்கிறேன் என்று சொல்லி அதன் பூட்டுத் திறப்பை வாங்கிக்கொள்வேன். பொறுப்பான பிள்ளை என்று உயிரியல் மிஸ் மெச்சுவார். தவளை, நாடாப்புழு, சுறாக்குட்டி என்று ஒவ்வொரு போத்தலாகத் துடைத்து, வடிவான எழுத்தில் புதுப் பெயர்ச்சீட்டு ஒட்டுவேன். ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில் கப்பல்கள் அசையாமல் நிற்கும். சுறாக்குட்டியோடு கொஞ்சம் கதைப்பேன். (அங்கே எங்கள் ஊர்க் கடலைத் தெரிந்தது அது ஒன்றுதான்.)

நான்காவது மாதம் பிறந்தபோது பொறுக்க ஏலாமல் போனது. சுகமில்லாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். காய்ச்சல் என்றால் வெப்பமானி காட்டிக்கொடுக்கும். நூலகத்தில் யாரோ விட்டுப்போன பழைய மருத்துவப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் குடல்வளரி அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், எனக்கு மனப்பாடம்.

சாதாரணப் பிள்ளை என்றால் வயிறு நோகுது என்று சொல்லிப் படுத்துவிடும். நான் கெட்டிக்காரி அல்லவா? சனிக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றி நோகிறது என்றேன். காலைச் சாப்பாட்டுப் பாணைத் தொடவில்லை. மத்தியானம் நோவை வலப்பக்கம் கீழே இறக்கினேன். ரிஸ்வானா அழுத்திப் பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் கையை எடுத்தபோதுதான் கத்தினேன். எடுக்கும்போதுதான் கூட நோகவேண்டும். புத்தகம் அப்படித்தான் சொன்னது.

ரிஸ்வானா வெளிறிப்போனாள். "இது அதுதான்டி," என்றாள். மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு தடவை அழுத்திப் பார்த்து ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். (ஒன்பதாவது ஆள் அழுத்தியபோது உண்மையாகவே நொந்தது.)

வீட்டுக்குப் போகும் என்று நினைத்த ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனது. டொக்டர் அழுத்தினார், கையை எடுத்தார். பழக்கதோஷம், சரியான இடத்தில் கத்திவிட்டேன். தாயாருக்குத் தகவல் அனுப்பியாயிற்று, ஆனால் அவர் வரும்வரை வைத்திருக்க ஏலாது, ஒப்பரேஷனுக்கு அதிபரே கையெழுத்துப் போடட்டும் என்று டொக்டர் சொன்னது காதில் விழுந்தது. முழு உண்மையைச் சொல்ல விடாமல் அதிபர் பக்கத்தில் நிற்கிறார். பாதி உண்மையைச் சொன்னேன்.

"டொக்டர், இப்ப நோகேல்ல."

"கொஞ்சமும் இல்லையோ?"

"ஓம் டொக்டர். அப்பிடியே நிண்டுட்டுது."

அவர் பேனையை மூடிவிட்டுத் தாதியைப் பார்த்தார். "வெடிச்சிட்டுது போல. கெதியா ஆயத்தப்படுத்துங்கோ."

நோவு திடீரென்று நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறியாம். அது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவில்லை.

கண் விழித்தபோது அம்மா இருந்தார். மீன் லொறியில் ஏறி, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி வந்திருந்தார். சீலையெல்லாம் மீன் வாசம். "பயந்து போனியோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தலை வாரிவிட்டார். விடுதி வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சிரித்தால் தையல்தான் நொந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறாம் நாள் அம்மா ஊருக்குப் போனார், நான் விடுதிக்குப் போனேன். ஆய்வுகூடத்தில் உயிரியல் மிஸ் ஒரு போத்தலோடு காத்திருந்தார். பாதை திறக்காததால் புது மாதிரிகள் வராத காலம் அல்லவா, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்துவிட்டாராம். "எவ்வளவு துப்பரவா இருக்குப் பாருங்கோ பிள்ளையள், ஒரு வீக்கமும் இல்ல," என்றார். பத்து டொக்டர்மாரும் போத்தலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பெயர்ச்சீட்டை நீரே எழுதும். உம்மட எழுத்துத்தான் வடிவு."

எழுதினேன். மனிதக் குடல்வளரி, ஆரோக்கியமானது.

அடுத்த ஞாயிறு திறப்பு வாங்கப் போன என்னை ரிஸ்வானா கையில் பிடித்து, தன் உம்மாவின் பார்சலடிக்கு இழுத்துப் போனாள். "வா புள்ள. இல்லாட்டி அடுத்ததா எத வெட்டக் குடுப்பியோ தெரியா."

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு நொந்தாலும் என் கணவர், "போத்தல் கழுவட்டோ?" என்பார். போன திங்கட்கிழமை மகளுக்கு நொந்தது. பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று உணர்த்துவதற்காக முழுக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அது இப்பவும் அங்கதான் இருக்கோ அம்மா?"

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமையில அதைப் பாக்க ஆர் வாறது?"

அன்று அவளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. (அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)